உய்த்தறி நியாயமும் சமாந்தர எடுகோளும் – ஒரு வரலாற்று நோக்கு

கேத்திரகணிதம் கற்ற ஒவ்வொருவரும் பாடசாலைப் பருவத்திலே ஒரு குறித்த வாக்கிய அமைப்பினைப் பன்முறை எழுதியிருப்பர். ‘ஒரு முக்கோணியின் இரு பக்கங்கள் சமனாயின், அப்பக்கங்களுக்கு எதிரேயுள்ள கோணங்களும் சமனாகும்’ என்பது அதற்கோர் உதாரணமாகும். தமிழிலக்கணகாரர் ‘செயின்’ என்னும் வாய்பாட்டில் அடக்கும் நிபந்தனைப் பொருளே இவ்வாக்கியத்தின் உயிர்நிலை எனலாம். அளவையியலார் இத்தகைய வாக்கியத்தினை நிபந்தனை எடுப்பு என்பர். அதன் நிபந்தனைப் பகுதி முற்கூறு எனவும், அதனைத் தொடர்ந்து வரும் பகுதி பிற்கூறு எனவும் கொள்ளப்படும். இவ்வெடுப்பு உலகில் இருசமபக்க முக்கோணி ஒன்று உண்டென்று கூறவில்லை. காகிதத்தில் வரையப்பட்ட குறித்த ஓர் உருவின் பக்கங்கள் மெய்யாகவே சமனானவை என்றும் கூறவில்லை. முற்கூறு மெய்யாயின் பிற்கூறும் மெய்யாதல் வேண்டும் என்ற தொடர்பொன்றினையே அது வலியுறுத்துகின்றது.

மிக எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையின் முழுப்பொருளையும் மனித அறிவு உணர்ந்துகொள்வதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சென்றது. யூக்கிளிட்டின் ஐந்தாம் எடுகோள் எனப்படும் சமாந்தர எடுகோளின் வரலாறே அக்காலப் பகுதியின் வரலாறாகும். பேரறிஞர் பலர் அவ்வெடுகோளை நிறுவ முயன்று தவறினர். அவர்தம் தவறுகள் கணிப்பில் நேர்ந்த பிழைகளல்ல. ‘ஆயின்’ என்ற சிறு சொல் எதனைத் தருகின்றது, எதனைத் தரவில்லை என்பதைத் தெளியாமையால் நேர்ந்தவை. அவ்வரலாற்றினைச் சுருக்கமாக நோக்கி, உய்த்தறி நியாயத்தின் ஆற்றலையும் எல்லையையும் அதனூடாக விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவலின் தோற்றம்

கேத்திரகணித அறிவு கிரேக்கரோடு தொடங்கிய ஒன்றன்று. நைல் நதிக் கரையிலும் மெசொப்பொத்தேமியாவிலும் நிலமளத்தல், களஞ்சியம் கட்டுதல், வரி விதித்தல் முதலாய தேவைகளின் நிமித்தம் அவ்வறிவு வளர்ந்திருந்தது. ஏறத்தாழ கி. மு. 1800ஐச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் ஏடொன்றில், செங்கோண முக்கோணியின் பக்கங்களாக அமையத்தக்க எண்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பைதகரசின் பெயரால் வழங்கும் தேற்றத்தின் பயன், பைதகரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்றாகும். ஆயினும் அவ்வேடுகளிலும் எகிப்தியப் பப்பிரசுச் சுருள்களிலும் காணப்படுவன, இன்னவாறு செய்க, இன்ன விடை வரும் என்னும் செய்முறைகளே. அவ்விடை ஏன் வருதல் வேண்டும் என்ற வினாவும், அதற்கு விடையிறுக்கும் பொது நிறுவலும் அவற்றில் இடம்பெறவில்லை.

இவ்வினா கிரேக்க நாட்டில் எழுந்தமைக்குரிய காரணங்கள் பலவாகக் கூறப்படுகின்றன. கி. மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க நகர அரசுகளிலே சபையிலும் நீதிமன்றத்திலும் குடிமக்கள் ஒருவரையொருவர் வாதத்தினால் வெல்லவேண்டியிருந்தது. எதிர்வாதி ஒப்புக்கொண்ட கூற்றொன்றிலிருந்து தொடங்கி, அவன் மறுக்கவியலாத முடிவுக்கு அவனைக் கொண்டு செல்லும் கலை அச்சூழலில் வளர்ந்தது. எலியா நகரத்துப் பார்மனைடிசும் அவர் மாணாக்கரான சீனோவும் இக்கலையை மெய்யியலிற் கையாண்டனர். எதிர்த்தரப்பின் கூற்று மெய்யென வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஏலாதன விளைவதைக் காட்டி அக்கூற்றினை வீழ்த்துவதே சீனோவின் முறையாகும்.

இம்முறை கணிதத்திற்கு இன்றியமையாததாயிற்று என்பதற்கு ஒரு பழைய நிறுவலே சான்று. சதுரமொன்றின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் ஒரே அலகினால் மீதியின்றி அளத்தல் இயலாது என்பதே அது. அங்ஙனம் அளக்க இயலுமாயின் ஒரே எண் ஒற்றையாகவும் இரட்டையாகவும் இருத்தல் வேண்டும் என்று அந்நிறுவல் காட்டுவதாக அரிஸ்டோட்டில் குறிப்பிடுகின்றார். எத்துணை நுண்ணிய கோலினால் அளந்தாலும் இவ்வுண்மையைக் கண்டுகொள்ள முடியாது. அளவுகோல் தோற்ற இடத்தில் ‘ஆயின்’ என்ற சொல் வென்றது. அளத்தலிலிருந்து நிறுவலுக்குக் கணிதம் திரும்பியமைக்கு இத்தகைய கண்டுபிடிப்புகள் முக்கிய தூண்டுதலாக இருந்திருத்தல் கூடும்.

நியாய முறையினை ஆராய்ந்தோர் இருவகைப்படுவர். அரிஸ்டோட்டில் (கி. மு. 384–322) ‘எல்லா மனிதரும் இறப்பவர்’ என்பது போன்ற வகைக் கூற்றுகளாலான நியாயத்தொடையினை வகுத்தார். மெகாரா மரபினரும் பின்வந்த ஸ்டோயிக்கரும் நிபந்தனை எடுப்பினையே தம் ஆய்வின் மையமாகக் கொண்டனர். முற்கூறு மெய்யாகவும் பிற்கூறு பொய்யாகவும் இருக்கும் நிலையில் மட்டுமே நிபந்தனை எடுப்புப் பொய்யாகும் என்பது மெகாராவைச் சேர்ந்த பைலோவின் கொள்கை. அவர் ஆசிரியரான டயடோரஸ் இதனை ஏற்கவில்லை. எந்த நிபந்தனை எடுப்பு மெய், எது பொய் என்ற இவ்விவாதம், அலெக்சாந்திரியப் புலவரான கலிமாக்கஸ் அதனைக் கேலி செய்து பாடும் அளவுக்குப் பரவியிருந்தது. ‘முதலாவது மெய்யாயின் இரண்டாவது மெய்; முதலாவது மெய்; ஆகவே இரண்டாவது மெய்’ என்னும் நியாய வடிவினை ஸ்டோயிக்கர் நிறுவல் வேண்டாத அடிப்படை வடிவமாகக் கொண்டனர். கேத்திரகணித நிறுவல்களின் நடைமுறை அரிஸ்டோட்டிலின் நியாயத்தொடையைக் காட்டிலும் இவ்வடிவினையே பெரிதும் ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

யூக்கிளிட்டின் கட்டுக்கோப்பு

கி. மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்கிளிட், தமக்கு முற்பட்டோர் கண்ட தேற்றங்களை ‘மூலகங்கள்’ என்ற நூலில் 13 பாகங்களாக ஒழுங்குபடுத்தினார். முதற் பாகம் 23 வரைவிலக்கணங்களையும், 5 எடுகோள்களையும், 5 பொது எண்ணங்களையும் முன்வைத்து, அவற்றிலிருந்து 48 எடுப்புகளைப் பெறுகின்றது. ஒவ்வோர் எடுப்பும் தனக்கு முன் நிறுவப்பட்டவற்றையன்றி வேறெதனையும் துணைக்கொள்ளுதல் ஆகாது என்பதே நூலின் ஒழுங்கு விதி.

இவ்வொழுங்கில் மறுதலைகளுக்கு அளிக்கப்பட்டுள்ள இடம் நுணுகி நோக்கத்தக்கது. இரு பக்கங்கள் சமனாயின் எதிர்க்கோணங்கள் சமன் என ஐந்தாம் எடுப்பில் நிறுவிய யூக்கிளிட், இரு கோணங்கள் சமனாயின் எதிர்ப்பக்கங்கள் சமன் என்பதனை ஆறாம் எடுப்பில் தனியாக நிறுவுகின்றார். முன்னது மெய்யாதலின் பின்னதும் மெய் என்று அவர் கொள்ளவில்லை. பைதகரசுத் தேற்றம் 47ஆம் எடுப்பாகவும் அதன் மறுதலை 48ஆம் எடுப்பாகவும் வருவதும் இக்காரணம் பற்றியே. மழை பெய்யின் முற்றம் நனையும் என்பது மெய்யாயினும், முற்றம் நனைந்திருத்தல் கொண்டு மழை பெய்தது என முடிவு செய்தல் தகாது. நீர் தெளித்தோரும் இருத்தல் கூடும். கேத்திரகணிதத்தில் மறுதலை பெரும்பாலும் மெய்யாகவே அமைந்துவிடுவதனால், அதற்குத் தனி நிறுவல் தேவை என்பது எளிதில் மறக்கப்படுகின்றது.

சமாந்தரக் கோடுகள் பற்றிய எடுப்புகளில் இவ்வேறுபாடு பெரும் முக்கியத்துவம் பெறுகின்றது. இரு நேர்கோடுகளை ஒரு குறுக்கோடி வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமனாயின், அக்கோடுகள் சமாந்தரமானவை என்பது 27ஆம் எடுப்பு. அதன் நிறுவல் எளிது. அக்கோடுகள் ஓரிடத்திற் சந்திக்கும் எனக் கொள்ளின் ஒரு முக்கோணி உண்டாகும். அம்முக்கோணியின் புறக்கோணம் அதன் அகத்தெதிர்க் கோணத்திற்குச் சமனாகும். புறக்கோணம் அகத்தெதிர்க் கோணத்திலும் பெரிது என முன்னரே நிறுவப்பட்டிருத்தலால் இது முரண்பாடாகும். ஆகவே அவை சந்திக்கமாட்டா. இதன் மறுதலையே 29ஆம் எடுப்பாகும். கோடுகள் சமாந்தரமாயின் ஒன்றுவிட்ட கோணங்கள் சமன் என்பதனை நிறுவுதற்கு அதுவரை பெறப்பட்ட 28 எடுப்புகளும் போதவில்லை. இங்குதான் யூக்கிளிட் தம் ஐந்தாம் எடுகோளினை முதன்முறையாகப் பயன்படுத்துகின்றார். இரு நேர்கோடுகளை வெட்டும் ஒரு நேர்கோடு தனக்கு ஒரு பக்கத்தில் ஆக்கும் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை இரு செங்கோணங்களிலும் குறைவாயின், அவ்விரு கோடுகளும் அளவின்றி நீட்டப்படும்போது அப்பக்கத்திலே சந்திக்கும் என்பதே அவ்வெடுகோளாகும்.

ஏனைய எடுகோள்கள் சுருக்கமானவை. இரு புள்ளிகளை நேர்கோட்டினால் இணைக்கலாம், எல்லாச் செங்கோணங்களும் சமன் என்ற அளவில் அவை அமைந்துள்ளன. ஐந்தாவதோ தானே ஒரு தேற்றம் போன்ற தோற்றமுடையது. அளவின்றி நீட்டப்படும் கோடுகள் பற்றியது. எவரும் கண்ணாற் கண்டு உறுதிப்படுத்த இயலாதது. யூக்கிளிட்டும் அதனை இயன்றவரை தவிர்த்து, வேறு வழியற்ற இடத்திலேயே கையாண்டுள்ளார். அதனை எடுகோளாக விட்டுவைத்தமை அவருடைய குறையெனப் பின்வந்தோர் பலர் கருதினர். உண்மையில் அதுவே அவருடைய ஆழ்ந்த அறிவுக்குச் சான்றாகும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று.

நிறுவ முயன்றோர்

கி. பி. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் வாழ்ந்த புரோக்கிளஸ், யூக்கிளிட்டின் முதற் பாகத்திற்கு எழுதிய உரையில் ஐந்தாம் எடுகோளினை எடுகோள்களின் வரிசையிலிருந்து நீக்கவேண்டும் என வாதிட்டார். அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று சிந்தனைக்குரியது. முக்கோணியொன்றின் எவ்விரு கோணங்களின் கூட்டுத்தொகையும் இரு செங்கோணங்களிலும் குறைவானது என்பது யூக்கிளிட்டின் 17ஆம் எடுப்பு. அதாவது, கோடுகள் சந்திப்பின் அகக்கோணங்களின் தொகை இரு செங்கோணங்களிலும் குறைவாகும். ஐந்தாம் எடுகோள் இதன் மறுதலையேயாகும். மறுதலை நிறுவத்தக்கதாயிருக்க மூலக்கூற்று மட்டும் நிறுவத்தகாததாயிருத்தல் எங்ஙனம் என்பது புரோக்கிளசின் வினா. ஆனால் ஓர் எடுப்பின் நிறுவல் அதன் மறுதலைக்கு எவ்வித உறுதியையும் அளிப்பதில்லை. மறுதலைகளைத் தனித்தனியே நிறுவிய ஓர் ஆசிரியரின் நூலுக்கு உரைகண்ட அறிஞரே, அந்நூலின் மிக முக்கியமான இடத்தில் இவ்வேறுபாட்டினைப் பொருட்படுத்தாது விட்டமை கவனிக்கத்தக்கது.

எனினும் புரோக்கிளஸ் கூரிய மதியினர் என்பதில் ஐயமில்லை. அகக்கோணங்கள் குறையும்போது கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும் என்பது உறுதியாயினும், நெருங்குவன யாவும் சந்திக்கும் என்பது உறுதியன்று என அவரே எடுத்துக்காட்டினார். அதிபரவளைவு தன் அணுகுகோட்டினை இடையறாது நெருங்கியும் அதனைத் தொடுவதில்லை. தொலமி இயற்றிய நிறுவலின் குறையினையும் அவர் வெளிப்படுத்தினார். ஆனால் அவர் தாமே அளித்த நிறுவல், சமாந்தரக் கோடுகளுக்கிடையேயுள்ள தூரம் எல்லை கடந்து பெருகாது என்பதனைச் சான்றின்றி ஏற்றுக்கொள்கின்றது. அக்கூற்று ஐந்தாம் எடுகோளுக்குச் சமவலுவுடையது. நிறுவவேண்டியதனையே வேறு பெயரில் எடுகூற்றாகக் கொள்ளும் சக்கர நியாயம் இவ்வாறு தொடங்கி, பல நூற்றாண்டுகள் நீடித்தது.

இஸ்லாமிய உலகின் கணித அறிஞர் இப்பிரச்சினையை மேலும் ஆழமாக ஆராய்ந்தனர். ஒரு கோட்டுக்குச் செங்குத்தாக நின்று அதன் வழியே நகரும் கோட்டின் நுனி நேர்கோட்டினையே வரையும் என இப்னு அல்-ஹைதம் கொண்டார். கேத்திரகணித நிறுவலில் இயக்கத்தைப் புகுத்துதல் தகாது என உமர் கையாம் (1048–1131) அதனை மறுத்தார். கவிஞராகவே பலரும் அறிந்த உமர் கையாம், அடியின் இரு முனைகளிலும் சமமான இரு செங்குத்துகளை நிறுத்தி அமைத்த நாற்பக்கல் ஒன்றினை எடுத்து, அதன் மேற்கோணங்கள் செங்கோணம், கூர்ங்கோணம், விரிகோணம் என மூவகையில் அமையலாம் எனப் பகுத்தார். பின்னிரண்டையும் மறுப்பதன் மூலம் முன்னதை நிலைநாட்ட அவர் முயன்றார். அவர்க்குப் பின் நஸீருத்தீன் அத்-தூஸி (1201–1274) இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். தூஸியின் பெயரால் வழங்கிய யூக்கிளிட் பதிப்பொன்று 1594இல் உரோமாபுரியில் அரபு மொழியில் அச்சேறியதன் பயனாக இம்மரபு ஐரோப்பியரை எட்டியது. ஒக்ஸ்போட்டில் 1663இல் இதுபற்றி விரிவுரையாற்றிய ஜோன் வொல்லிஸ், ஒரு முக்கோணியை அதன் வடிவம் மாறாமல் எவ்வளவுக்கும் பெருப்பிக்கலாம் என்பதனை ஏற்றுக்கொண்டு எடுகோளினைப் பெற்றார். அவ்வேற்பும் ஐந்தாம் எடுகோளின் மாறுவேடமே.

சக்கேரியின் வாயில்

இவ்வரலாற்றின் திருப்புமுனை இத்தாலிய யேசுசபைத் துறவியான ஜிரோலமோ சக்கேரியின் (1667–1733) நூலாகும். பாவியாப் பல்கலைக்கழகப் பேராசிரியரான சக்கேரி முதலில் அளவையியலாளர், பின்னரே கேத்திரகணிதர். 1697இல் அவர் வெளியிட்ட அளவையியல் நூலில் ஒரு விந்தையான நியாய வடிவம் முதன்மை பெறுகின்றது. ஒரு கூற்றின் மறுப்பினை மெய்யெனக் கொள்ளும்போது அம்மறுப்பிலிருந்தே அக்கூற்று பெறப்படுமாயின், அக்கூற்று மெய்யாதல் வேண்டும் என்பதே அவ்வடிவம். யூக்கிளிட்டின் மீது சுமத்தப்பட்ட ‘கறை’யினை இந்நியாயத்தினாற் போக்கலாம் என அவர் எண்ணினார். அவர் மறைந்த 1733ஆம் ஆண்டிலேயே அந்நோக்குடைய நூல் மிலான் நகரில் வெளிவந்தது.

உமர் கையாமின் நாற்பக்கலை ஒத்த உருவினையே சக்கேரியும் எடுத்துக்கொண்டார். மேற்கோணங்கள் இரண்டும் சமன் என்பதனை ஐந்தாம் எடுகோளின் துணையின்றி நிறுவினார். அவை செங்கோணமாயின், விரிகோணமாயின், கூர்ங்கோணமாயின் என மூன்று கருதுகோள்கள் எழுந்தன. விரிகோணக் கருதுகோளிலிருந்து ஐந்தாம் எடுகோளே பெறப்படுவதையும், ஐந்தாம் எடுகோளிலிருந்து மேற்கோணங்கள் செங்கோணமாதல் பெறப்படுவதையும் காட்டி, அக்கருதுகோள் தன்னைத்தானே அழித்துக்கொள்கின்றது என நிறுவினார். நேர்கோட்டினை அளவின்றி நீட்டலாம் எனக் கொள்ளுமிடத்து இந்நிறுவல் குறையற்றது.

எஞ்சியது கூர்ங்கோணக் கருதுகோள். அதனையும் மெய்யெனக் கொண்டு தேற்றத்தின்மேல் தேற்றமாகச் சக்கேரி உய்த்தறிந்தார். முக்கோணியின் கோணத்தொகை இரு செங்கோணங்களிலும் குறைவு என வந்தது. சந்தியாத இரு கோடுகள் சில ஒன்றையொன்று இடையறாது நெருங்கும் என வந்தது. வேறு சில ஒரு பொதுச் செங்குத்தின் இருபுறமும் விலகிச் செல்லும் என வந்தது. இவை யாவும் வழக்கத்திற்கு மாறானவை. ஆனால் ஒன்றோடொன்று முரண்பட்டவையல்ல. எதிர்பார்த்த முரண்பாடு வரவில்லை. ஈற்றில் அக்கருதுகோள் நேர்கோட்டின் இயல்புக்கு ஒவ்வாதது எனக் கூறி அவர் அதனைத் தள்ளினார். விரிகோணக் கருதுகோளின் மறுப்பு பகலொளி போலத் தெளிவானதென்றும், கூர்ங்கோணத்தின் மறுப்பு அவ்வாறன்றென்றும் அவர் தாமே வேறுபடுத்திக் கூறியமை அவரின் நேர்மையைக் காட்டுகின்றது.

ஒவ்வாமை வேறு, முரண்பாடு வேறு. ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒருங்கே பெறப்படுமாயின் அது முரண்பாடு. பெறப்பட்ட முடிவு பழக்கத்திற்கும் கற்பனைக்கும் பொருந்தாதாயின் அது ஒவ்வாமை மட்டுமே. சீனோவின் காலந்தொட்டு வந்த முறையானது முரண்பாட்டினைக் கண்ட பின்னரே கருதுகோளினைத் தள்ள உரிமை தருகின்றது. சிறந்த அளவையியலாளரான சக்கேரி ஒவ்வாமையை முரண்பாடாகக் கொண்டமையால், புதியதொரு கேத்திரகணிதத்தின் வாயிலில் நின்றும் அதனுட் புகாது திரும்பினார்.

ஜேர்மனியில் 1763இல் குளூகல் என்பார் தம் பட்ட ஆய்வில் அதுவரை வெளிவந்த நிறுவல்கள் பலவற்றைப் பரிசீலித்து, அவை யாவும் குறையுடையன எனக் காட்டினார். 1766இல் லம்பேர்ட் (1728–1777) எழுதிய ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. கூர்ங்கோணக் கருதுகோளின்படி முக்கோணியின் கோணத்தொகை இரு செங்கோணங்களிலிருந்து குறையும் அளவு அதன் பரப்பளவுக்கு விகிதசமமானது என அவர் கண்டார். கற்பனை ஆரையுடைய கோளமொன்றில் இக்கருதுகோள் மெய்யாகக்கூடும் என்றும் அவர் ஊகித்தார். முரண்பாட்டினைக் கண்டுவிட்டதாக அவர் சாதிக்கவில்லை. அவ்வாய்வினை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவுமில்லை. அது 1786இலேயே அச்சேறியது.

புதிய கேத்திரகணிதம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூவர் ஏறத்தாழ ஒரே முடிவுக்குத் தனித்தனியே வந்தனர். அவருள் முதல்வரான கவுஸ் (1777–1855) அக்கால ஐரோப்பாவின் தலைசிறந்த கணிதர். ஐந்தாம் எடுகோளினை மறுத்தும் முரண்பாடற்ற கேத்திரகணிதம் அமைக்கலாம் என அவர் தெளிந்திருந்தார். ஆயினும் அறியாதாரின் கூச்சலுக்கு அஞ்சுவதாக 1829இல் நண்பரான பெசலுக்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டு, தம் கருத்தினை வெளியிடாது விட்டார்.

இரண்டாமவர் ஹங்கேரியரான யானோஷ் பொல்யாய் (1802–1860). அவர் தந்தையாரான பார்க்கஷ் பொல்யாய் கவுசின் இளமைக்கால நண்பர். சமாந்தர எடுகோளினை நிறுவ முயன்று வாழ்நாளின் பெரும்பகுதியை இழந்த அவர், அவ்வழியிற் செல்லவேண்டாம் என மகனுக்கு 1820இல் உருக்கமாக எழுதினார். மகனோ 1823இல் இராணுவப் பொறியியல் அதிகாரியாகப் பணியாற்றிய வேளையில், புதியதோர் உலகினையே தாம் படைத்துவிட்டதாகத் தந்தைக்கு அறிவித்தார். அக்கண்டுபிடிப்பு தந்தையின் நூலுக்குப் பின்னிணைப்பாக 1832இல் வெளிவந்தது. அதனைப் படித்த கவுஸ், இதனைப் பாராட்டுதல் தம்மைத் தாமே பாராட்டுதலாகும் என்றும், இவை தாம் முன்னரே எண்ணியவை என்றும் பார்க்கசுக்கு மறுமொழி எழுதினார். முப்பது வயதினரான ஓர் ஆய்வாளரின் உள்ளத்தை அம்மொழி எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பதனை ஊகித்தல் கடினமன்று. பல்லாயிரம் பக்கக் கையெழுத்துப் பிரதிகளை விட்டுச்சென்ற யானோஷ், அப்பின்னிணைப்பிற்குப் பின்னர் தம் கேத்திரகணிதம் பற்றி எதனையும் வெளியிடவில்லை.

மூன்றாமவர் ரஷ்யாவின் கஸான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லொபச்செவ்ஸ்கி (1792–1856). 1826இல் தம் கருத்துகளைப் பல்கலைக்கழகத்தில் முன்வைத்த அவர், 1829–30இல் கஸானிலிருந்து வெளிவந்த சஞ்சிகையில் அவற்றை வெளியிட்டார். அச்சில் வந்த முதல் முறையான யூக்கிளிட் அல்லாக் கேத்திரகணிதம் இதுவேயாகும். தலைநகரத்து அறிஞர் அதனை மதிக்கவில்லை. எனினும் 1827 முதல் 1846 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பணியாற்றியவாறே அவர் தம் ஆராய்ச்சியை இடைவிடாது தொடர்ந்தார். கண்பார்வை இழந்த நிலையிலும் தம் இறுதி நூலினைச் சொல்லி எழுதுவித்தார். இவர் செய்த மற்றொரு முயற்சி குறிப்பிடத்தக்கது. விண்மீன் ஒன்றினையும் பூமியின் சுற்றுப்பாதையினையும் கொண்டமைந்த மாபெரும் முக்கோணியின் கோணத்தொகை இரு செங்கோணங்களுக்குச் சமனா என்பதனை வானியல் அளவீடுகளைக் கொண்டு சோதித்தார். வேறுபாடு இருப்பினும் அது அளவீட்டுப் பிழையினுள் அடங்கிவிடும் அளவே சிறிதாயிருந்தமையால் முடிவு கிட்டவில்லை. ஆனால் அவ்வினாவினை எழுப்பியமையே பெருஞ் சாதனையாகும். எந்தக் கேத்திரகணிதம் உலகிற்குப் பொருந்தும் என்பது உய்த்தறிதலால் அன்றி அனுபவத்தால் தீர்க்கப்படவேண்டியது என அவர் உணர்ந்திருந்தார்.

புதிய கேத்திரகணிதத்தில் முரண்பாடு என்றேனும் ஒருநாள் வெளிப்படாது என்பதற்கு உறுதி யாது? இவ்வினாவிற்கு இத்தாலியரான பெல்ட்ராமி 1868இலும், ஜேர்மனியரான கிளைன் 1871இலும் விடை கண்டனர். கிளைனின் உருவகம் எளிதில் விளங்கத்தக்கது. ஒரு வட்டத்தின் உட்பகுதியைத் தளம் எனவும், அதன் நாண்களை நேர்கோடுகள் எனவும் கொள்ளுதல் வேண்டும். ஒரு நாணையும் அதன்மீது அமையாத ஒரு புள்ளியையும் எடுப்பின், அப்புள்ளியினூடாக முதல் நாணைச் சந்தியாத நாண்கள் எண்ணற்றவை உண்டு. தூரத்தையும் கோணத்தையும் தக்கவாறு வரையறுப்பின் ஐந்தாம் எடுகோள் தவிர்ந்த ஏனைய யாவும் அங்கு மெய்யாகின்றன. ஆகவே புதிய கேத்திரகணிதத்தில் முரண்பாடு ஒன்று உண்டாயின், அதனை வட்டமும் நாணும் பற்றிய யூக்கிளிட்டின் மொழிக்கு மாற்றி, யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்திலேயே முரண்பாட்டினைப் பெறலாம். யூக்கிளிட் முரண்பாடற்றவராயின் லொபச்செவ்ஸ்கியும் முரண்பாடற்றவர் என்பது இதனாற் போதரும்.

இதிலிருந்து ஐந்தாம் எடுகோளின் நிலையும் தெளிவாகின்றது. அது ஏனைய எடுகோள்களிலிருந்து பெறப்படுவதாயின், அவ்வெடுகோள்களோடு அதன் மறுப்பினைச் சேர்த்தமைத்த கேத்திரகணிதம் முரண்பட்டதாதல் வேண்டும். அது முரண்பட்டதன்று, ஆகவே ஐந்தாம் எடுகோள் ஏனையவற்றிலிருந்து பெறப்படுவதன்று. இரண்டாயிரம் ஆண்டு முயற்சிகள் அனைத்தும் தோற்றமைக்குரிய காரணத்தை மூன்று வரியிலமைந்த ஒரு நிபந்தனை நியாயம் கூறிவிட்டது. மறந்துபோன சக்கேரியின் நூலினை 1889இல் அறிஞர் கவனத்திற்கு மீண்டும் கொண்டுவந்தவரும் அதே பெல்ட்ராமி என்பது வரலாற்றின் இனிய பொருத்தம் எனலாம்.

இவ்வுறுதியும் நிபந்தனைக்குட்பட்டதே என்பதனை மறத்தலாகாது. ‘யூக்கிளிட் முரண்பாடற்றவராயின்’ என்ற முற்கூறு இன்னும் எஞ்சி நிற்கின்றது. 1899இல் ஹில்பேர்ட் கேத்திரகணிதத்தின் முரண்பாடின்மையை மெய்யெண்களின் கணிதத்தின் முரண்பாடின்மையோடு பிணைத்தார். அங்கும் ஓர் ‘ஆயின்’ எஞ்சியது.

முடிவாக நோக்கத்தக்கவை

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மானுவேல் கான்ட், வெளி பற்றிய கேத்திரகணித அறிவு அனுபவத்தைச் சாராததும் ஐயத்திற்கிடமற்றதும் என விளக்கினார். யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தைத் தவிர வேறொன்று உண்டு என்பது அக்காலத்தவர் சிந்தனைக்கு எட்டவில்லை. புதிய கேத்திரகணிதங்களின் வரவு அவ்வுறுதியினைத் தளர்த்தியது. ரீமான் 1854இல் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரை, வளைவு இடத்துக்கிடம் மாறும் வெளிகளையும் ஆராய வழிகாட்டியது. ஐன்ஸ்டைன் 1915இல் நிறைவு செய்த பொதுச் சார்புக் கொள்கை அக்கணிதத்தினையே கருவியாகக் கொண்டது. 1919 மே 29ஆந் திகதி நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது பெறப்பட்ட அளவீடுகள், ஞாயிற்றின் அருகாக வரும் விண்மீன் ஒளி அக்கொள்கை கூறியவாறு வளைவதற்குச் சான்றாயின. ‘மெய்யாயின் என்னாகும்’ என்று மட்டும் கேட்டு, மெய்யா என்ற வினாவினை ஒத்திவைத்துச் செய்யப்பட்ட ஆராய்ச்சி, உலகினை அறிதற்கே கருவியாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று தவறுகளைப் பிரித்தறியலாம். எடுப்பின் நிறுவலைக் கொண்டு அதன் மறுதலையும் நிறுவத்தக்கதே எனக் கருதுதல் முதலாவது. நிறுவவேண்டியதனையே வேறு வடிவில் எடுகூற்றாகக் கொள்ளுதல் இரண்டாவது. உவப்பற்ற முடிவினை முரண்பட்ட முடிவாகக் கொள்ளுதல் மூன்றாவது. இவை கேத்திரகணிதத்திற்கு மட்டும் உரியனவல்ல. வரலாற்றிலும் சமூக ஆய்விலும் இலக்கிய விமர்சனத்திலும் அன்றாடம் நிகழ்வன. ஆனால் அத்துறைகளிலே எடுகூற்றுகள் பல. அவை சொல்லாற்றலினுள் மறைந்து கிடத்தலும் கூடும். எடுகூற்றுகளை எண்ணி வரிசைப்படுத்தி வைத்த கேத்திரகணிதத்திலேயே இத்தவறுகளைக் கண்டறிய இருபது நூற்றாண்டுகள் சென்றன என்பது, பிற துறைகளைப் பயில்வோர்க்கு அடக்கத்தைக் கற்பித்தல் வேண்டும்.

உய்த்தறி நியாயம் புதிய உண்மை எதனையும் வெறுவெளியிலிருந்து படைப்பதில்லை. ஏற்றுக்கொண்டவற்றிலிருந்து எவை தப்பாது தொடரும் என்பதனை மட்டும் அது காட்டும். ஏற்றுக்கொண்டவை மெய்யா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. இவ்வெல்லையினை அதன் குறையெனக் கருதல் தகாது. ஒரு கருத்தினை ஏற்காமலே அதன் விளைவுகளை இறுதிவரை பின்தொடர்ந்து செல்லும் உரிமையினை ‘ஆயின்’ என்ற சொல் மனிதனுக்கு அளித்துள்ளது. சக்கேரி அவ்வுரிமையினைப் பாதிவரை பயன்படுத்தினார். கவுஸ் முழுமையாகப் பயன்படுத்தியும் வெளியிட அஞ்சினார். பொல்யாயும் லொபச்செவ்ஸ்கியும் அவ்வழியே சென்று, தம் வாழ்நாளிற் கிட்டாத மதிப்பினைப் பின்னர் பெற்றனர். ஐந்தாம் எடுகோளினை நிறுவ முற்படாது எடுகோளாகவே விட்டுவைத்த யூக்கிளிட், தாம் எதனை நிறுவினார், எதனை ஏற்றுக்கொண்டார் என்பதனை மறைக்கவில்லை. அந்நேர்மையே அவர் நூலின் நிலைபேற்றுக்குரிய காரணம் எனின் அது மிகையாகாது.